ஆளில்லாத காட்டில் ஒரு கிணறு

"அம்மா, கண்ணாடியைத் தொடாதீங்க."

பின்னாலேர்ந்து ஒரு குரல். நான் தொட்டுக்கிட்டுதான் இருந்தேன். ஒரு விரல் இல்லை, உள்ளங்கை முழுசும். எடுக்கலை.

கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு பழைய போட்டோ. டீத்தண்ணி கொட்டின துணி மாதிரி பழுப்பேறி இருந்துச்சு. தொப்பி போட்ட நாலு பேர் சர்வே முக்காலியை நட்டு வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அவங்களுக்குப் பின்னால முந்திரி மரங்கள். இடது ஓரத்துல ஒரு கிணறு. கிணத்து மேல ஏத்த மரம். கிணத்தடியில, துணி துவைக்கிறதுக்காகக் கவுத்துப் போட்ட ஒரு பழைய கல்செக்கு.

படத்துக்குக் கீழே அழகா அச்சடிச்ச அட்டை. அதுல இருந்ததை அப்படியே எழுதறேன்: "மனித நடமாட்டமே இல்லாதிருந்த தமது முந்திரிக் காட்டை, நாட்டுக்கு ஒளி தரும் பணிக்காக ஜமீன் குடும்பத்தார் உவந்து அளித்தபோது."

மூணு தடவை படிச்சேன். மூணாவது தடவை ரெண்டு காதும் சூடாயிடுச்சு.

மனுஷ நடமாட்டம் இல்லாத காட்டுல கிணறு வெட்டினது யாரு, நரியா? கிணத்தடியில துவைக்கிற கல்லு எதுக்கு? நரி துணி துவைச்சுக் காயப்போட்டுச்சா?

அந்தக் கிணத்துல நான் தண்ணி சேந்தியிருக்கேன். அந்தச் செக்குல என் பள்ளிக்கூடப் பாவாடையை எங்கம்மா அடிச்சுத் துவைச்சிருக்காங்க. அது எங்க ஊர்க் கிணறு.

சரி, இப்படிக் கோவத்துல குதிச்சா உங்களுக்கு ஒண்ணும் விளங்காது. முதல்லேர்ந்து வர்றேன்.

எந்த டைப்?

நெய்வேலியில ரிட்டையர் ஆன நாங்க ஒரு இருபது பேர், வருஷத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வேன் பிடிச்சு எங்கேயாவது போவோம். எங்கேயாவதுன்னா கோயில்தான். இந்த வருஷம் ஸ்டெல்லா டீச்சர் மறியல் பண்ணிட்டாங்க. "வருஷா வருஷம் நீங்க எல்லாம் உள்ளே போயிடறீங்க, நான் வாசல்ல உங்க செருப்புக்குக் காவல் இருக்கேன். இந்தத் தடவை எல்லாரும் சேந்து உள்ளே போற இடமா பாருங்க."

நியாயமான கோரிக்கைதான். அதனால ஒரு ஜமீன் மாளிகைக்குப் போறதுன்னு முடிவாச்சு. முத்தாண்டிக்குப்பம் தாண்டி, பண்ருட்டி தாண்டி, இன்னும் கொஞ்ச தூரம். மாளிகையோட பேரைச் சொல்ல மாட்டேன். எனக்குச் சண்டை ஒரு அட்டையோட மட்டும்தான்.

இடம் அழகு. அதுல பொய் சொல்ல மாட்டேன். வாசல் வளைவுலேர்ந்து வீடு வரைக்கும் ரெண்டு பக்கமும் வெள்ளைத் தண்டுப் பனை மரங்கள். ரோஜாத் தோட்டம் ஒரு பக்கம், பெரணிச் செடிக்குன்னே ஓலை வேய்ஞ்ச நிழல் கூடாரம் ஒரு பக்கம். தாமரைக் குளத்தைச் சுத்திப் புல்தரை. நாகலிங்க மரத்தடியில பூ உதிர்ந்து கிடந்துச்சு, வாசனை தூக்கிக்கிட்டு வந்துச்சு. வீட்டுக்கு முன்னால முப்பது படி. உள்ளே கலர்க் கண்ணாடி ஜன்னல், பல்லக்கு, துப்பாக்கி, ஒத்தைக் கண்ணு போன பாடம் பண்ணின சிறுத்தை.

எங்க ஆளுங்க வாயைப் பொளந்துக்கிட்டு நின்னாங்க. ரெண்டு நிமிஷம்தான். அப்புறம் ஒருத்தர் கேட்டார், "இது எந்த டைப்பு?"

நெய்வேலியில இருந்து பாத்தாதான் இந்தக் கேள்வி புரியும். எங்களுக்கு வீடுன்னா குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ்னா அதுக்கு ஒரு டைப். எந்த பிளாக், எந்த டைப்புன்னு சொன்னா போதும், ஒருத்தரோட கிரேடு, அவர் வீட்டுல எத்தனை ரூம், பின்னால மாமரம் இருக்கா முருங்கை மரம் இருக்கா எல்லாம் தெரிஞ்சுடும். முப்பது வருஷம் அப்படியே வாழ்ந்துட்டு, அரண்மனையைப் பாத்தாலும் எங்களுக்கு அந்தக் கணக்குதான் வருது. "ஆபீஸர் டைப்பை விடப் பெரிசு" "கெஸ்ட் ஹவுஸ் மாதிரி போட்டிருப்பாங்க" "தோட்டத்துக்கு மட்டும் நாலு ஹெல்ப்பர் வேணும்"னு ஆளாளுக்குப் பேசினாங்க.

எங்க வீட்டுக்காரர் சுரங்கத்துல ஃபிட்டரா இருந்தவர், திண்டுக்கல்காரர், யூனியன் ஆளு. அவர் சாவகாசமா சொன்னார்: "எந்த டைப்பா இருந்தா என்னய்யா, ரிட்டையர் ஆன நம்மளை மாதிரி ஜமீன்தாரையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்கல்ல."

அவ்வளவு பேரும் சிரிச்சோம். எங்களைச் சுத்திக் காட்டிக்கிட்டு வந்த மேனேஜரும் சிரிச்சார். ஐம்பது வயசு இருக்கும், வெள்ளைச் சட்டை, கழுத்துல அடையாள அட்டை. வயசானவங்கன்னு படியில கையைப் பிடிச்சு ஏத்தி விட்டார். நல்ல மனுஷன், அதையும் சொல்லிடணும்.

"குதிரை லாயத்தையும் இப்ப மியூசியமா ஆக்கியிருக்கோம்"னார். "நம்ம பகுதியோட வரலாறு முழுக்க அங்கே இருக்கு. உங்க நெய்வேலி கூட இருக்கு."

அங்கேதான் அந்தக் கண்ணாடிப் பெட்டி.

சொந்த ஊர்

இந்தப் பத்திரிகையில நான் எழுதற இந்தத் தொடரோட முதல் வாரத்துல, என் சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம்னு எழுதியிருந்தேன். ரெண்டு மூணு பேர் "பண்ருட்டிப் பக்கம்னா எந்த ஊருங்க?"ன்னு கடிதம் கூடப் போட்டிருந்தாங்க. நான் பதில் எழுதலை. ஏன்னா அது பொய்.

என் ஊர் இலந்தைக்குப்பம். பேச்சுல எலந்தக்குப்பம். அதைத் தேடி மேப்பைப் பாக்காதீங்க. இப்ப அந்த இடத்துல சுரங்கம் இருக்கு. ஊர் இருந்த எடத்துல பெரிய பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள்ளே கன்வேயர் பெல்ட்டு.

அப்போ ஏன் பொய் சொன்னேன்? சொல்றேன்.

டவுன்ஷிப்புல புதுசா யாரைப் பாத்தாலும் முதல் கேள்வி பேர் இல்லை. "சொந்த ஊர் எதுங்க?" இதுதான். திருநெல்வேலி, மதுரை, கோயமுத்தூர், நாகர்கோவில்னு எல்லா ஜில்லாவுலேர்ந்தும் வந்து குடியேறினவங்க. ஊர்ப் பேரைச் சொன்னதும் ஒருத்தருக்கொருத்தர் ஒட்டிக்குவாங்க. பொங்கல் வந்தா பிளாக் பிளாக்கா காலியாயிடும். லீவு முடிஞ்சு வரும்போது ஆளுக்கு ஒரு டப்பா, அதுல அவங்கவங்க ஊர்ப் பலகாரம்.

நான் வேலை பாத்தது டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல. முதல் நாள், ஹெட்போனை எப்படி மாட்டறதுன்னு சொல்லிக் குடுத்த சீனியர் அக்கா கேட்டாங்க, "சொந்த ஊர் எதும்மா?"

"இங்கதாங்க, எலந்தக்குப்பம்."

"அது எங்க இருக்கு?"

"இப்ப இல்லீங்க. சுரங்கத்துக்கு எடுத்துக்கிட்டாங்க."

"ஓ"ன்னாங்க. அப்புறம் பக்கத்து சீட்டுப் பக்கம் திரும்பி, "நிலம் குடுத்த கோட்டாவாம்"னாங்க.

அந்த "ஓ" இருக்கே, அது இன்னும் என் காதுல இருக்கு. நிலத்துக்காக வேலை கிடைச்சது எங்கப்பாவுக்கு. நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, இன்டர்வியூவுல நாலு பேர் கேட்ட கேள்விக்கு நின்னு பதில் சொல்லி உள்ளே வந்தவ. அதை யார்கிட்ட போய் நிரூபிக்கிறது? கோட்டாவுல வந்திருந்தாதான் என்ன, அதுல என்ன கேவலம்? இப்ப கேக்கறேன். அன்னிக்குக் கேக்கத் துப்பில்லை. வெக்கப்பட்டேன். என் ஊரை நினைச்சே வெக்கப்பட்டேன், அதைச் சொல்றதுக்குத்தான் இப்ப வெக்கமா இருக்கு.

அன்னையிலேர்ந்து நான் பண்ருட்டிப் பக்கம். லீவு முடிஞ்சு ஆளாளுக்கு ஊர்ப் பலகாரம் கொண்டு வர்றப்ப, பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுல முந்திரிப் பருப்பு வாங்கி, கடைப் பொட்டலத்தைப் பிரிச்சு எவர்சில்வர் டப்பாவுல கொட்டி, "எங்க தோட்டத்து முந்திரி"ன்னு குடுத்திருக்கேன். எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. நல்லாதான் இருந்துச்சு.

குள்ளஞ்சாவடிப் பெரியப்பா

பொய் சொல்றதுல ஒரு தொந்தரவு, அதுக்குச் சோறு போட்டுக்கிட்டே இருக்கணும்.

ஸ்டெல்லா டீச்சர் எனக்குப் பக்கத்து குவார்ட்டர்ஸ். நாகர்கோவில்காரங்க. ஒரு மே மாசம், "என் ஊருக்கு நீ ரெண்டு தடவை வந்துட்ட, உன் ஊருக்கு என்னைக் கூப்பிட்டதே இல்லை. பலாப்பழ சீசன், இந்த வாரம் போறோம்"னு சொல்லிட்டாங்க. கேக்கலை, சொல்லிட்டாங்க.

எனக்கு ராத்தூக்கம் போச்சு. கடைசியில எங்க அக்காவைப் பிடிச்சேன். அக்கா பச்சையம்மா குள்ளஞ்சாவடியில வாக்கப்பட்டவ. கொல்லையில பெரிய பலா மரம். "ஒரு நாளைக்கு உன் மாமனார் வீடு என் சொந்த ஊரா இருக்கட்டும்"னு காலைப் பிடிக்காத குறையா கேட்டேன்.

அக்காவோட மாமனார் ஒத்துக்கிட்டார். ஒத்துக்கிட்டது மட்டுமில்லை, பெரியப்பா வேஷத்துல புகுந்து விளையாடிட்டார். டீச்சரை மரத்தடிக்குக் கூட்டிக்கினு போய், "இவ சின்னதுல இந்தக் கெளையிலேர்ந்துதான் வுழுந்தா. மூணு நாளு கண்ணு முழிக்கல. நான்தான் தோள்ல போட்டுகினு கடலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்"னு சொல்லி, துண்டால கண்ணைத் தொடச்சுக்கிட்டார். டீச்சரும் கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. அக்கா அடுப்படியில முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு நின்னா.

அந்தப் பெரியவர் கண்ணை மூடற வரைக்கும் டீச்சர் வருஷா வருஷம் என்கிட்ட கிறிஸ்துமஸ் கேக் குடுத்து அனுப்புவாங்க. "உன்னைக் காப்பாத்தின மனுஷன்"னு சொல்லித்தான் குடுப்பாங்க.

எடுத்துகினு போவ முடியாதது

எங்க ஊர் காலியானப்ப நான் பத்தாவது முடிச்சிருந்தேன். ஒரே நாள்ல ஒண்ணும் போயிடலை. ஒவ்வொரு வீடா, ஒவ்வொரு வண்டியா போச்சு.

என்ன எடுத்துக்கினு போனாங்கன்னு கேளுங்க. கதவு, நிலை, ஓடு, உத்தரம், அம்மி, ஆட்டுக்கல், கோழிக் கூண்டு. மாரியம்மனை டிராக்டர்ல ஏத்திக்கிட்டுப் போனாங்க, பின்னாலேயே ஜனம் நடந்துச்சு. சவுரியம்மா தன் வீட்டுச் சுவத்துல பதிச்சிருந்த மாதா சுரூபத்தைக் கடப்பாரை போட்டுப் பேத்து, சேலையில சுத்தி மடியில வெச்சுக்கிட்டுப் போனாங்க. எங்கம்மா முருங்கைக் கொம்பை வெட்டி ஈரச் சாக்குல சுருட்டினாங்க.

எங்கப்பா கடைசியா கிணத்தடியில நின்னார். எல்லாம் வண்டியில ஏத்தியாச்சு, கிணறு மட்டும் நிக்குது. "இதைத்தான் எடுத்துகினு போவ முடியல"ன்னார். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னார். ஒரு வாளி சேந்தி முகத்தைக் கழுவிட்டு வந்து வண்டியில ஏறினார்.

அந்த நிலம் ஜமீனுக்குச் சொந்தம்னு அட்டை சொல்லுது. ஒரு காலத்துல இருந்திருக்கும். எங்களுக்குத் தெரிஞ்சு எங்கப்பா பேர்ல பட்டா இருந்துச்சு, ஊர்ல மத்தவங்க பேர்லயும் இருந்துச்சு. நிலம் எடுத்தப்ப அந்தக் காகிதத்தையும் வாங்கிக்கிட்டாங்க. உவந்து குடுத்தது யாருன்னு இப்ப சொல்லுங்க. குடுத்தோம், சரி. ஆனா உவந்து குடுக்கலை.

தரையில உக்காந்தது

இனி கண்ணாடிப் பெட்டிக்கு வர்றேன்.

"அம்மா, கையை எடுங்கம்மா"ன்னார் மேனேஜர், ரெண்டாவது தடவை.

"இந்த அட்டையில எழுதியிருக்கறது தப்பு"ன்னேன்.

வேன் ஆளுங்க மொத்தப் பேரும் அங்கேதான் நிக்கிறாங்க. ஸ்டெல்லா டீச்சர் என் தோள்கிட்டேயே நிக்கிறாங்க. இப்ப வாயைத் திறந்தா அவங்களுக்கும் தெரிஞ்சுடும். ஒரு நிமிஷம் யோசிச்சேன். அட்டையைத் தப்புன்னு சொல்லிட்டு அப்படியே நழுவிடலாம், "பொதுவா சொன்னேன்"னு சமாளிக்கலாம். எனக்கு அதுல நல்ல பழக்கம் உண்டு.

அந்தக் கிணறு என்னையே பாக்கற மாதிரி இருந்துச்சு. இல்லை, அப்படி எல்லாம் இல்லை. எனக்குக் கோவம் வந்துச்சு, அவ்வளவுதான். நாப்பது வருஷமா நான் வாயை மூடிக்கிட்டு இருந்ததாலதானே இன்னொருத்தர் வந்து "ஆளே இல்லை"ன்னு எழுதி வெச்சுட்டார்.

"இது எங்க ஊர். எலந்தக்குப்பம். இந்தக் கிணறு எங்க ஊர்க் கிணறு. இது காடு இல்லை, நாங்க இருந்தோம்"னு சொன்னேன். குரல் கொஞ்சம் பெரிசாவே வந்துடுச்சு. எக்ஸ்சேஞ்சு குரல்.

முதல்ல பேசினது டீச்சர்தான். "உன் ஊர் குள்ளஞ்சாவடின்னு..."

"அது அக்கா மாமனார் வீடு டீச்சர்."

"அப்போ பெரியப்பா?"

"அக்காவோட மாமனார்."

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டினாங்க. "பலா மரத்துலேர்ந்து விழுந்தது?"

"நான் விழலை."

"பின்னே யாரு விழுந்தா?"

"யாருமே விழலை டீச்சர்."

பின்னாடி யாரோ களுக்குனு சிரிச்சாங்க. டீச்சர் சிரிக்கலை. அவங்க முகம் சுருங்கிப் போச்சு. ஆனா சொன்னதை இனி திரும்ப விழுங்க முடியாது, விழுங்கவும் மாட்டேன்.

மேனேஜர் பொறுமையா சொன்னார்: "உங்க உணர்வு புரியுதும்மா. ஆனா இது நாங்களா எழுதினது இல்லை. ஜமீன் குடும்பத்தார் போட்ட சிறப்பு மலர்ல இப்படித்தான் அச்சாகியிருக்கு. அச்சில வந்ததை மட்டும்தான் அட்டையில ஏத்தணும்னு இந்த மாளிகையைப் பாத்துக்கற டிரஸ்ட்டோட விதி."

"அந்த மலரை எழுதினவங்க எங்க ஊரைப் பாத்தாங்களா சார்?"

அவர் கழுத்துல தொங்கின அடையாள அட்டையைத் திருப்பிச் சரி பண்ணினார்.

"என் ஸ்கூல் டி.சி. இருக்கு. அதுல ஊர்ப் பேர் இருக்கு. எடுத்துக்கிட்டு வர்றேன்."

"அது கையால எழுதினதும்மா. கையெழுத்தையும் வாய்ப் பேச்சையும் எடுத்துக்கிட்டா நாளைக்கு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. புத்தகம், பத்திரிகை, இப்படி ஏதாவது அச்சில வந்தது இருந்தா சொல்லுங்க."

அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். விதின்னா விதி, நாங்க எல்லாம் விதிக்குள்ளேயே வேலை பாத்தவங்கதான். ஆனா ஒரு ஊர் இருந்துச்சுன்னு சொல்ல அந்த ஊர்க்காரி போதாதாம், தாள் வேணுமாம். தாளை வாங்கிக்கிட்டுத்தானே எங்களை அனுப்பினாங்க!

வெளியில வேன் டிரைவர் ஹாரன் அடிச்சார். மதியச் சாப்பாடு வடலூர்ல சொல்லி வெச்சிருந்தோம். நான் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால தரையில உக்காந்துட்டேன். முட்டி வலிக்குது, ரெண்டு கையையும் ஊணித்தான் உக்காந்தேன். "வண்டி போவட்டும். ஒரு பதில் தெரியாம நான் எந்திரிக்க மாட்டேன்."

மேனேஜர் முகத்துல பதட்டம். அவருக்குத் தெரியலை, எங்க நெய்வேலி ஆளுங்களுக்குத் தரையில உக்காரறது ஒரு பெரிய விஷயமே இல்லை. சுரங்க வாசல்ல, ஆபீஸ் வாசல்ல, எத்தனை கோரிக்கைக்கு எத்தனை நாள் உக்காந்திருக்கோம். கூட வந்தவங்கள்ல ஒருத்தர் பழக்க தோஷத்துல, "கோஷம் போடணுமா, சும்மா உக்காரணுமா?"ன்னு கேட்டார்.

அப்போ ஸ்டெல்லா டீச்சர் கைப்பையைத் தரையில வெச்சாங்க. என்னை முறைச்சாங்க.

"உன்கூட நான் ஒரு வாரம் பேச மாட்டேன், தெரிஞ்சுக்கோ. ஒரு வாரம் இல்லை, ஒரு மாசம். எத்தனை கேக்கு!" கொஞ்சம் மூச்சு விட்டுட்டு, "இப்ப தள்ளு. எனக்கும் இடம் விடு"ன்னாங்க. பக்கத்துல உக்காந்தாங்க. அதுக்கு மேல அடக்க முடியலை, அழுதுட்டேன். அவங்க என் பக்கம் திரும்பாமலே கைக்குட்டையை நீட்டினாங்க.

இன்னும் ஏழெட்டுப் பேர் உக்காந்தாங்க. நிக்கறவங்க சாப்பாட்டுக் கடைக்கு போன் போட்டு "லேட்டாகும்"னு சொன்னாங்க.

மினிட்ஸ்

மேனேஜர் எங்களுக்கு எதிரே குத்துக்கால் போட்டு உக்காந்தார். "சத்தியமா சொல்றேம்மா. அச்சில ஒரு ஆதாரம் கொண்டாங்க. நானே அட்டையைக் கழட்டி மாத்தறேன்."

நான் எழுந்திருக்கப் போனேன். எங்க வீட்டுக்காரர் தோளைப் பிடிச்சு அமுக்கினார்.

"இரு. வாய் வார்த்தையில எந்திரிச்சவன் உருப்பட்டதே கிடையாது"ன்னார். அப்புறம் மேனேஜர் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையா, "சார், தப்பா நினைக்காதீங்க. எங்க வேலை முறை இது. பேச்சுவார்த்தை முடிஞ்சா மினிட்ஸ்ல ஏத்திக் கையெழுத்து வாங்கித்தான் வெளியில வருவோம். உங்க பார்வையாளர் புத்தகத்துல ரெண்டு வரி எழுதிடுங்க"ன்னார்.

மேனேஜர் போய்ப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு வந்து, நின்னபடியே எழுதினார்: "இலந்தைக்குப்பம் என்ற ஊர் இருந்தது குறித்து அச்சில் வெளியான ஆதாரம் அளிக்கப்பட்டால், படத்தின் கீழுள்ள வாசகம் திருத்தப்படும்." கையெழுத்து. டிரஸ்ட்டோட ரப்பர் ஸ்டாம்பு. எங்க வீட்டுக்காரர் அதை போன்ல ரெண்டு தடவை படம் பிடிச்சுக்கிட்டார்.

"பத்திரிகைன்னா எந்தப் பத்திரிகையா இருந்தாலும் சரியா சார்?"னு நான் கேட்டேன்.

"எதுவா இருந்தாலும் சரிம்மா. அச்சில இருக்கணும், அவ்வளவுதான்"னு சிரிச்சார். பாவம், இந்தக் கிழவி எங்கே போய் அச்சுக்கு அலையப் போறாளோன்னு நினைச்சிருப்பார்.

நான் வாரா வாரம் எங்கே எழுதறேன்னு அவருக்குத் தெரியாது. டீச்சருக்குத் தெரியும். என்கூடப் பேச மாட்டேன்னு சொன்னவங்க, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, தோள் குலுங்கச் சிரிச்சாங்க.

அச்சு

இந்த வாரம் முழுக்க அக்காவுக்கு போன் போட்டேன். ஊர்ல யார் வீடு எங்கேன்னு நான் சொல்லச் சொல்ல அவ சண்டைக்கு வர்றா. "தச்சு வேல கோயிந்தன் வூட்ட வுட்டுட்டியே. வாசல்லியே குந்திகினு இழைப்புளி போட்டுகினு இருப்பாரே, மறந்துட்டியா? உனுக்கு எழுத வந்து இன்னா புரோஜனம்?" நான் அவ சொன்னதை எல்லாம் எழுதிக்கிட்டேன்.

மேனேஜர் சார், இதுக்கு மேல வர்றது உங்களுக்கு.

ஊர்ப் பேர் இலந்தைக்குப்பம். வடக்கே மாரியம்மன் கோயில். கோயிலை ஒட்டிப் பள்ளிக்கூடம், ஒத்தை ரூம், ஒத்தை வாத்தியார். பெரிய தெருவுல முதல் வீடு தச்சு வேலை கோவிந்தனோடது. அடுத்தது சண்டை போட்டுக்கிட்டு நடுவுல சுவர் எழுப்பின அண்ணன் தம்பி, ஆறுமுகமும் சேகரும். அவங்களுக்கு எதிர் வீடு தனம், ரெட்டைப் புள்ளை பெத்தவங்க. அப்புறம் முந்திரித் தரகு பாத்த வேலு. அப்புறம் சவுரியம்மா வீடு, மார்கழியில ஸ்டார் கட்டின ஒரே வீடு. சின்னத் தெருவுல மளிகைக் கடை ராஜாமணி, மாட்டு வைத்தியம் பாத்த சின்னத்தம்பி, தனியா இருந்த காசியம்மா.

ஊருக்குக் கிழக்கே காலனி. முனியம்மா, அவங்க வீட்டுக்காரர் கலியன், பறை செய்யற ஏழுமலை, எங்கப்பாவோட கூடவே சுரங்கத்துல வேலைக்குச் சேந்த மணி. நீங்க மாட்டி வெச்ச படத்துல இருக்கற கிணத்துல அவங்களைத் தண்ணி சேந்த விடலை. அவங்களுக்குத் தனிக் கிணறு, அது படத்துல விழலை. இதை நான் எழுதாம விட்டா, எனக்கும் உங்க அட்டைக்கும் வித்தியாசம் இல்லை.

பெரிய தெருவோட கடைசி வீடு நடேசனோடது. அவரோட ரெண்டாவது பொண்ணு அஞ்சலை, நான்தான்.

இன்னும் வீடு இருக்கு. அக்கா இதைப் படிச்சுட்டு போன் போட்டுத் திட்டுவா, அப்போ அதையும் எழுதறேன்.

சார், நீங்க கேட்டது அச்சு. இது அச்சு. பெட்டியைத் திறந்து அந்த அட்டையைக் கழட்டுங்க.